கோடையில் மட்டும் தரை

முலுண்ட் ஸ்டேஷன் மேற்கு வாசலில் நுங்கு விற்பவர்களுக்கு அது நுங்கு என்று தெரியாது. அவர்களுக்கு அது தாட்கோளா. மார்ச் கடைசியில் வசாய், பால்கர் பக்கத்திலிருந்து கூடை கூடையாக வந்து இறங்கும். தமிழ்நாட்டில்போல் காயைச் சீவிக் கையில் கொடுத்து, கட்டைவிரலால் நோண்டித் தின்கிற வைபவம் இங்கே இல்லை. சுளைகளை எடுத்து ஈரத்துணி போர்த்தி டஜன் கணக்கில் விற்கிறார்கள். தோலை உரிப்பது வாங்குகிறவர் பாடு. பிளாஸ்டிக் பையும் காய்கறிச் சுமையுமாக நின்று, "க்யா பாவ், மாவ்ஷி?" என்று கேட்கும் மாமி, சொன்ன விலையைக் கேட்டதும், "எங்க ஊர்ல இதைச் சும்மாவே வெட்டிக் குடுப்பா" என்று தமிழில் முணுமுணுப்பார். அந்த ஊரை விட்டு வந்து முப்பது வருஷமாகியிருக்கும். அங்கும் இப்போது யாரும் சும்மா கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் ஒரு டஜன் பைக்குள் போய்விடும்.

அடுத்து மாம்பழம். தேவ்கட் ஹாபூஸ் என்று ஒட்டிய பெட்டிக்குள் இருப்பதெல்லாம் தேவ்கட்டில் விளைந்ததா என்ற ஆராய்ச்சியில் இறங்காதவர்களே நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். மே மாதம் பிறந்தால் களாக்காய்ப் பழத்தையும் நாவல் பழத்தையும் ஆதிவாசிப் பெண்கள் இலையில் குவித்து பிளாட்பார ஓரங்களில் விற்பார்கள். ஐஸைச் சீவி, குச்சியில் அழுத்தி, கலர் ஊற்றித் தரும் கோலா வண்டியை மாநகராட்சி அதிகாரிகளும் டாக்டர்களும் எத்தனை ஆண்டுகளாக எச்சரித்தாலும் குழந்தைகள் மொய்ப்பது குறையவில்லை.

முலுண்டின் பழைய நாலு மாடிக் கட்டடங்களில் கோடை என்பது மொட்டைமாடி விவகாரம். கட்சிப் பக்கத்திலிருந்து வந்த குஜராத்திக் குடும்பங்கள் அப்பளத்தைப் பரப்பிவைக்க, பக்கத்திலேயே பழைய வேட்டியை விரித்துத் தமிழ் மாமிகள் கூழ் வடாம் பிழிவார்கள். காக்காயை விரட்ட ஒரு கறுப்புக் குடையைத் திறந்துவைத்து, பள்ளி விடுமுறையில் இருக்கும் ஒரு பேரனையும் உட்காரவைப்பது வழக்கம். எந்த மூலை யாருக்கு என்று எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. அது மீறப்பட்டால் சொஸைட்டி செக்ரெட்டரிவரை போகும். இந்தக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு இருபது, முப்பது மாடிக் கோபுரங்களாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மொட்டைமாடிக்குப் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம். ஆகவே வடாமும் மாவடுவும் இப்போது மாட்டுங்காவிலிருந்து ரயிலில் வருகின்றன. அங்கே மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டுக்கும் தாழம்பூவுக்கும் நடுவே மாவடுக் கூடைக்கு இன்னும் இடம் இருக்கிறது.

உஷ்ணம் எவ்வளவு என்று கேட்டால் பதில் சப்பென்று இருக்கும். 33, 34 டிகிரி. வேலூர்க்காரரும் நாக்பூர்க்காரரும் சிரிப்பார்கள். ஆனால் உடம்பில் வழியும் வியர்வை உலர்ந்தால்தானே குளிர்ச்சி? கடல் சூழ்ந்த ஊரில் காற்றே நனைந்திருக்கும்போது வியர்வை எங்கே உலரும்? இந்த நகரத்தின் வெயிலை நிர்ணயிப்பது சூரியனைவிடக் கடற்காற்றுதான். காலையில் நிலம் சூடேற ஏற, கடல்மேல் இருக்கும் காற்று ஊருக்குள் புகும். அது நண்பகலுக்குள் வந்துவிட்டால் தப்பித்தோம். கிழக்கேயிருந்து வீசும் தரைக்காற்று மல்லுக்கு நின்று அதைப் பிற்பகல் இரண்டு, மூன்று மணிவரை தடுத்துவிட்டால் பாதரசம் 40ஐத் தாண்டிவிடும். இந்த மல்யுத்தம் மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான் அதிகம். சாந்தாகுரூஸில் 1956 மார்ச் 28 அன்று 41.7 டிகிரியும் 1952 ஏப்ரல் 14 அன்று 42.2 டிகிரியும் பதிவானதற்குக் காரணம் இதுதான். மே மாதத்தில் வெயில் அந்த உயரத்துக்கு ஏறுவதில்லை, புழுக்கம்தான் ஏறுகிறது. புழுக்கத்தைக் குறைத்து எடைபோட்டால் என்ன ஆகும் என்பதை 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பை கார்கர் மைதானம் காட்டியது. பந்தல் இல்லாத வெளியில் உட்காரவைக்கப்பட்ட அரசு விருது விழாக் கூட்டத்தில் 14 பேர் வெயிலுக்கு பலியானார்கள்.

முலுண்டுக்கு இந்தக் கடற்காற்றிலும் கடைசிப் பந்திதான். அரபிக் கடல் இங்கே கண்ணில் படாது. மேற்கே தேசியப் பூங்காவின் குன்றுகள். கிழக்கே, 'கிரீக்' என்று ஊரில் சொல்லும் தாணே உப்பங்கழி. சங்கப் பாட்டில் வரும் கழி என்ற சொல்லுக்கு அகராதி தேடுகிற தமிழ் மாணவர்களை ஒரு நாள் இங்கே கூட்டிவந்தால் போதும். சேறு, அலையாத்திச் செடி, ஏறி இறங்கும் உப்புநீர் எல்லாம் உரையாசிரியர் சொன்னபடியே இருக்கும்.

கடல் எட்டாவிட்டாலும் குடிதண்ணீர் முலுண்ட் வழியாகத்தான் நகரத்துக்குள் வருகிறது. மே மாதத்தில் மும்பையின் எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் ஏழு பெயர்கள் பெட்டி கட்டி அச்சாகியிருக்கும்: மேல் வைதர்ணா, மோதக் சாகர், தான்சா, நடு வைதர்ணா, பாட்சா, விஹார், துளசி. இவை நகரின் ஏழு ஏரிகள். நிரம்பினால் மொத்தம் 14.47 லட்சம் மில்லியன் லிட்டர். நகரம் ஒரு நாளில் குடிப்பது 400 கோடி லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதைப் பங்குச் சந்தைக் குறியீட்டைவிடக் கவலையோடு படிக்கிறார்கள். 2024இல் மே 30 அன்று 5 சதவீதமும் ஜூன் 5 அன்று 10 சதவீதமும் தண்ணீர் வெட்டு வந்தது. 10 சதவீதம் என்பது எல்லோருக்கும் 10 சதவீதமல்ல. மாடியில் டாங்க் இருக்கும் கோபுரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள். குழாயில் ஒன்றரை மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் சந்தில் கடைசி வீட்டின் நீல டிரம் பாதிதான் நிரம்பும்.

தான்சா ஏரி 1892இல் வந்தது. அங்கிருந்து வரும் ராட்சதக் குழாய்கள் முலுண்டில் நுழைந்து, பாண்டுப், காட்கோபர் தாண்டித் தாராவிவரை ஓடுகின்றன. குழாயை ஒட்டிக் குடிசைகள் இருந்தன. காலடியில் ஓடும் தண்ணீரில் அவர்களுக்கு உரிமை இல்லை. வால்வு கசியும் இடத்தில் குடம் வைப்பார்கள். கோடைப் பிற்பகலில் குழாயின் நிழலில் படுத்துத் தூங்குவார்கள். பாதுகாப்புக் கருதிக் குழாயின் இரு பக்கமும் 10 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2017 முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டன. அந்த ஓரத்தில் 39 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை வரும் என்று மாநகராட்சி அறிவித்தது.

போனவர்கள் போன இடம் செம்பூரை அடுத்த மாஹுல். செம்பூர் என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது சேடா நகர் குன்றின் மேலிருக்கும் முருகன். கோடைப் பகலில் அந்தப் படிகளில் பக்தி மட்டுமல்ல, சுடுகிற கல்லும் சேர்ந்தே நடையைத் துரிதப்படுத்தும். மாஹுல் இன்னும் தெற்கே. இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நெருக்கத்தில் ஏழு மாடி வரிசைகள். அங்கே காற்று நச்சேறியிருக்கிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015லேயே சொல்லியிருந்தது. அதற்குப் பிறகுதான் மக்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். மூச்சிரைப்பு, தோல் வியாதி என்று பட்டியல் நீண்டது. போராட்டம் நடந்தது. 2019 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், இவர்களை மாஹுலுக்குப் போகச் சொல்லக் கூடாது, வேறு வீடு தர முடியாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுங்கள் என்றது. வெயில் காலத்தில் ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் வெக்கை என்று இருந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு தாமதம் என்பது புரியும்.

சயானில் இறங்கித் தாராவிக்குள் நுழைந்தால் கோடைக்கு வேறு முகம். கும்பார்வாடாவில் சௌராஷ்டிரக் குயவர்கள் தண்ணீர்ப் பானைகளைத் தெருவிலேயே அடுக்கிவைத்திருப்பார்கள். பிரிட்ஜ் இருக்கும் வீட்டிலும் மண் பானைத் தண்ணீருக்கு மவுசு குறையவில்லை. தமிழர் சந்துகளில் விடியற்காலை மூன்று மணிக்கே இட்லி அடுப்புகள் எரியத் தொடங்கிவிடும். வெளியே காற்று கொஞ்சம் இதமாக இருக்கிற ஒரே நேரத்தில் உள்ளே ஆவி பறக்கும். ஏழு மணிக்கெல்லாம் அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனைப் பொம் பொம் என்று அடித்தபடி, நகரத்தின் சந்து பொந்துகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்பும்போது பத்து, பதினொன்று. அப்போது வீட்டுத் தகரக் கூரை காய்ந்திருக்கும். கீழே ஒரு அறை, இரும்பு ஏணி, மேலே ஒரு அறை. பெரும்பாலான வீடுகளின் கணக்கு இதுதான். மேல் அறையில் மே மாதப் பிற்பகலில் யாராலும் இருக்க முடியாது. கீழே இருப்பவர்களோடு சேர்ந்து உட்கார வேண்டும் அல்லது சந்தில் கட்டிலைப் போட வேண்டும்.

இதனாலும்தான் ஊருக்குப் போகிறார்கள். குலதெய்வக் கொடை, தங்கச்சி கல்யாணம், பொம்பளைப் பிள்ளைக்குச் சடங்கு எல்லாம் மே மாதத்தில் வைப்பதற்குப் பள்ளி விடுமுறை மட்டும் காரணமல்ல. தாதரிலிருந்து திருநெல்வேலி போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸ், நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், சென்னை எக்ஸ்பிரஸ் என்று எதிலும் டிக்கெட் கிடைக்காது. முன்பு 120 நாட்களுக்கு முன்னால் டிக்கெட் எடுத்தார்கள். பொங்கல் சமயத்திலேயே கோடைப் பயணம் முடிவாகிவிடும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்தது. பதற்றமும் 60 நாளாகக் குறைந்தது என்பதே அதன் பலன். ஸ்லீப்பர் பெட்டியில் ஒன்றரை நாள் அனல் காற்று. குண்டக்கல்லில் தயிர்சாதம், ஜன்னல் கம்பியில் ஈரத்துண்டு. "ஊருல போய் ரெண்டு நாள் ஆத்துல கெடந்தா எல்லாம் சரியாப் போவும்" என்று பேசிக்கொண்டே போவார்கள். மே மாதத்தில் தாமிரபரணியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதை யாரும் அப்போது கேட்பதில்லை.

இந்த வருடங்களில் அந்தப் பெட்டிகளில் இன்னொரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்புவது எந்த முகவரிக்கு என்பதுதான் அது.

தாராவி இருக்கும் சுமார் 600 ஏக்கரை மாற்றிக் கட்டும் திட்டம் மாநில அரசும் அதானி குழுமமும் சேர்ந்த நிறுவனத்திடம் இருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசமாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு, 2011க்குள் வந்தவர்களுக்கு 300 சதுர அடி. விலை இரண்டரை லட்சம். இடம் தாராவிக்கு வெளியே. அதற்கும் பிந்தி வந்தவர்களுக்கும், இரும்பு ஏணிக்கு மேலே இருக்கிறார்களே அவர்களுக்கும், வாடகை கட்டிக் காலப்போக்கில் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடுகள். அவையும் வெளியேதான். மே மாத வெக்கையில் மேலே இருக்க முடியாமல் கீழே இறங்கிவந்து அண்ணனோடு உட்கார்ந்திருக்கும் தம்பி, திட்டத்தின் கணக்கில் வேறு ஊர்க்காரர்.

அந்த 'வெளியே' என்பதில் ஒரு பகுதி, முலுண்டின் கிழக்கு ஓரம். மத்திய அரசின் உப்பு இலாகாவுக்குச் சொந்தமான 255.9 ஏக்கர் உப்பள நிலத்தை இந்தத் திட்டத்துக்குத் தர 2024இல் முடிவானது. காஞ்சூர்மார்க், பாண்டுப் பகுதிகளோடு, முலுண்டின் ஜமாஸ்ப் உப்பளத்தில் 58.5 ஏக்கரும் இதில் அடங்கும்.

கோடையில் அந்த நிலத்தைப் பார்ப்பவர்களுக்கு எந்தச் சந்தேகமும் வராது. பாளம் பாளமாக வெடித்த தரை, அங்கங்கே வெள்ளைப் பூப்பு, ஓரத்தில் முட்செடி. கிரிக்கெட் ஆடலாம். மும்பையில் இவ்வளவு காலி இடம் சும்மா கிடக்கிறதே என்றுதான் தோன்றும். உப்பு விளைந்த காலத்தில் இங்கே கோடைதான் அறுவடை. பெரிய ஏற்றத்தில் கழியின் நீரைப் பாத்திக்குள் விட்டு, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டவைத்து, பலகையால் வாரிக் குவிப்பார்கள். மழை வருவதற்குள் அள்ளி முடிக்க வேண்டும். இந்தப் பகுதியில் உப்பு எடுப்பது நின்று ஆண்டுகளாகின்றன. கிழக்கு விரைவு நெடுஞ்சாலை குறுக்கே இருப்பதால் கழி நீர் இங்கே இப்போது எட்டுவதில்லை, ஆகவே கட்டலாம் என்பது அதிகாரிகளின் வாதம். கழி நீர் எட்டாது என்பது சரியாகவே இருக்கட்டும். மழை நீர்? தாழ்ந்த பாத்திகள் அதைத் தாங்கி மெதுவாக விடுவதால்தான் பக்கத்துக் குடியிருப்புகளின் தரைத்தளம் பிழைக்கிறது என்பது சுற்றுச்சூழல்காரர்களின் பதில். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதைப் பார்த்த நகரத்துக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தாராவித் தமிழர்களுக்கு இதில் ஒரு பழைய கதை மறுபடி வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வம்சம் பலருடையது. அப்போது தாராவி மாஹிம் கழியோரச் சதுப்பு, கோலி மீனவர்களின் ஊர். மண்ணும் குப்பையும் தேங்காய் மட்டையும் கொட்டிச் சேற்றைத் தரையாக்கியவர்கள் அங்கே குடியேறியவர்கள்தான். அந்தத் தரை பாந்த்ரா குர்லா வளாகத்துக்குப் பக்கத்து மனையாகி விலை ஏறிய பிறகு, அவர்களில் ஒரு பங்கினருக்கு இன்னொரு சதுப்பு காட்டப்படுகிறது.

முலுண்டில் எதிர்ப்பு பலமாகவே இருக்கிறது. ஊர்வலம் போனார்கள், கையெழுத்து வாங்கினார்கள். 2024 தேர்தலில் அது பேசுபொருளாகவும் ஆனது. காலை எட்டு மணி ரயிலில் இப்போதே கால் வைக்க இடமில்லை, மே மாதத்தில் தண்ணீரும் இல்லை, ஆஸ்பத்திரியும் போதவில்லை, இன்னும் பல்லாயிரம் பேர் வந்தால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. அதே மூச்சில், "அந்த மாதிரி ஜனங்கள் இங்கே வேண்டாம்" என்று சொல்லப்படும்போது நியாயம் கொஞ்சம் ஜன்னல் வழியாக வெளியேறிவிடுகிறது. அந்த மாதிரி ஜனங்களின் இட்லியைத்தான் முலுண்டும் காலையில் சாப்பிடுகிறது. தாராவிக்காரர்களுக்கும் வர விருப்பமில்லை என்பது இந்தச் சண்டையில் யார் காதிலும் விழுவதில்லை. தோல் பட்டறையும் முறுக்கு வியாபாரமும் தையல் மிஷினும் வீட்டோடு சேர்ந்தவை. வீட்டை மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்தால் பிழைப்பு எங்கே வைக்கப்படும்?

நெடுஞ்சாலைக்கு அப்பால், கழியில், கோடைக்கு இன்னொரு விருந்தாளிக் கூட்டம் உண்டு. பூநாரைகள். குளிர் தொடங்கும்போது கட்ச் முதலிய இடங்களிலிருந்து வந்து, மே கடைசிவரை சேற்றில் ரோஜா நிறக் கம்பளம் விரித்ததுபோல் நிற்கும். அந்தக் கழி 2015இல் பூநாரைச் சரணாலயமானது. 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. 2024 மே 13 மாலை எழுந்த புழுதிப் புயலில் காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் ராட்சத விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் இறந்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, அதே காட்கோபருக்கு மேலே, இறங்கிக்கொண்டிருந்த விமானம் ஒன்று பறவைக் கூட்டத்தில் மோத, முப்பத்தொன்பது பூநாரைகள் குடியிருப்புகளுக்கு நடுவே விழுந்து கிடந்தன.

மே மூன்றாம் வாரத்திலிருந்து மும்பையில் நீலத் தார்ப்பாய் சீசன். கூரை மேல் ஏறி, பழைய ஓட்டையை அடையாளம் பார்த்து, பாயைப் போட்டுக் கயிறு கட்டி, மேலே செங்கல்லும் பழைய டயரும் வைப்பது குடும்பத் தலைவரின் வருடாந்திரக் கடமை. பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வரும் என்பதால் ஊருக்குப் போகிறவர்கள் முதல் வாரத்தில் திரும்பி வந்து கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். 2025இல் கணக்கு தவறியது. மே 26 அன்றே மழை வந்து இறங்கியது. பதினாறு நாள் முன்னதாக, 75 ஆண்டுகளில் இல்லாத அவசரம். திறந்து மூன்று வாரம்கூட ஆகாத வொர்லி ஆச்சார்ய அத்ரே சௌக் பாதாள மெட்ரோ நிலையத்துக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. நெல்லைப் பக்கத்துக் கொடை வீடுகளிலும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் உடனே தாராவிக்குப் போன் போட்டார்கள்.

"அண்ணாச்சி, நம்ம வீட்டு மேலயும் ஒரு தார்ப்பாய் வாங்கிப் போட்டுருங்க. வந்து துட்டு தாரேன்."